‘பாத்துக்கோங்க சிஸ்டர்’ போதாது: டூட்டி மாறும்போது நோயாளியை ஒப்படைப்பது எப்படி? – முழுமையான வழிகாட்டி

ஏழாம் பெட்டில் இருந்தவருக்கு அறுபத்திரண்டு வயது. சர்க்கரை நோயாளி, காலில் ஆறாத புண். மறுநாள் காலை முதல் கேஸாகத் தியேட்டருக்கு எடுத்துப் புண்ணைச் சுத்தம் செய்வதாக முடிவாகியிருந்தது. மாலை ரவுண்ட்ஸில் சர்ஜன் இரண்டு விஷயம் சொன்னார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் வாயில் எதுவும் தரக்கூடாது. காலை இன்சுலின் போட வேண்டாம். மாலை டூட்டி சிஸ்டர் ரிப்போர்ட் புத்தகத்தில் ‘என்.பி.ஓ.’ (வாயில் எதுவும் தரக்கூடாது) என்று பெரிதாக எழுதி வட்டமும் போட்டார். இன்சுலின் விஷயத்தை வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். எட்டு மணிக்கு இரவு டூட்டி சிஸ்டர் உள்ளே நுழைந்தபோது கேஷுவாலிட்டியிலிருந்து ஸ்ட்ரெச்சரில் ஒரு அட்மிஷனும் கூடவே நுழைந்தது. ‘ஏழாம் பெட் நாளைக்கு தியேட்டர், பாத்துக்கோங்க’ என்பதோடு பேச்சு முடிந்தது. காலை ஆறரைக்கு, டிரக் சார்ட்டில் வழக்கம்போல் இருந்த 30/70 இன்சுலினை ஊசியில் எடுத்துப் போட்டார்கள். எட்டரைக்குத் தியேட்டர் வாசலில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. குளுக்கோமீட்டரில் சர்க்கரை 46 என்று ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது.

25% டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் தெளிந்துவிட்டார். ஆபரேஷன் மதியத்துக்குத் தள்ளிப்போனது, அவ்வளவுதான். ஆனால் அன்று மாலை மூன்று பேரையும் உட்கார வைத்துக் கேட்டபோது ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. சர்ஜன் சொன்னது உண்மை. மாலை சிஸ்டர் எழுதியது உண்மை. சார்ட்டில் நிறுத்தச் சொல்லி எதுவும் இல்லை என்று இரவு சிஸ்டர் சொன்னதும் உண்மை. அந்த வார்டின் இன்சார்ஜ் நான்தான்.

அதன் பிறகு எங்கள் வார்டில் ஹேண்ட்ஓவரை, அதாவது நோயாளியை ஒருவரிடமிருந்து அடுத்தவரிடம் ஒப்படைக்கும் முறையை, மாற்றினோம். ஒரே வாரத்தில் மாறவில்லை, இரண்டு முறை தோற்றுத்தான் சரியானது. அந்த அனுபவத்தையும், உலகத்தில் மற்றவர்கள் செய்து பார்த்து நிரூபித்ததையும் சேர்த்து இதை எழுதுகிறேன். நூறு பெட் தனியார் ஆஸ்பத்திரியோ அரசு தலைமை மருத்துவமனையோ, அடிப்படை ஒன்றுதான். ஹேண்ட்ஓவரில் கைமாறுவது தகவல் மட்டும் இல்லை, பொறுப்பும்தான். வாங்குகிறவர் ‘வாங்கிக்கொண்டேன்’ என்று வாயால் சொல்லாதவரை பொறுப்பு நடுவழியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2007-ல் உலக சுகாதார நிறுவனம் நோயாளி பாதுகாப்புக்காக ஒன்பது தீர்வுகளை வெளியிட்டது. அதில் ஒன்று நோயாளியைக் கைமாற்றும்போது நடக்கும் தகவல் பரிமாற்றம். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2006-லேயே இதைத் தேசிய இலக்காக வைத்தது. பிரச்சினை தீராததால் 2017-ல் இதற்கென்றே தனி எச்சரிக்கையும் விட்டது.

முதலில் நின்று பாருங்கள்

புதுப் படிவம் அச்சடிக்க ஓடாதீர்கள். நான் முதலில் செய்த தப்பு அதுதான். இரண்டு பக்கம், நாற்பது கட்டம், கலர் பிரிண்ட். பத்தாவது நாள் பார்த்தால் எல்லாக் கட்டத்திலும் ஒரே கையெழுத்தில் ‘என்.ஏ.டி.’ (மாறுபாடு எதுவும் இல்லை) என்று இருந்தது.

அதற்குப் பதில் ஒரு வாரம் ஓரமாக நின்று இருபது ஹேண்ட்ஓவரைப் பாருங்கள். ஒரு சின்ன நோட்டில் ஐந்தே விஷயம் குறியுங்கள்: எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, நடுவில் எத்தனை தடவை தடைபட்டது, எதனால், பாக்கி வேலை என்று ஏதாவது சொல்லப்பட்டதா, வாங்கியவர் ஒரு கேள்வியாவது கேட்டாரா. யார் பெயரையும் எழுதாதீர்கள். பெயர் எழுதுகிறீர்கள் என்று தெரிந்தால், நீங்கள் நிற்கும்போது மட்டும் பிரமாதமான ஹேண்ட்ஓவர் நடக்கும்.

எங்கள் நோட்டில் கண்ணைக் குத்தியது கடைசிக் கேள்விதான். இருபதில் பதினேழு தடவை வாங்கியவர் ‘ம்’, ‘சரி’, ‘ஓகே சிஸ்டர்’ தவிர வேறெதுவும் பேசவில்லை. தடைகளில் பெரும்பகுதி போனும் ‘சிஸ்டர், டிரிப்ஸ் முடியப்போகுது’ என்று வரும் அட்டெண்டர்களும் (நோயாளிக்குத் துணையாக இருக்கும் வீட்டார்).

ஒரு ஆஸ்பத்திரிக்குள் நோயாளி கைமாறும் இடங்கள் ஏராளம். டூட்டி மாறும்போது, கேஷுவாலிட்டியிலிருந்து வார்டுக்கு, தியேட்டரிலிருந்து ஐ.சி.யூ.வுக்கு, ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு, ஸ்கேனுக்குப் போய் வரும்போது, வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது, கடைசியில் வீட்டுக்கு. எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த முடியாது. ஒரு வார்டு, ஒரு ஷிஃப்ட் எடுத்துக்கொள்ளுங்கள். மாலையிலிருந்து இரவுக்கு மாறும் ஷிஃப்டை எடுப்பது நல்லது. அதற்கப்புறம் கேட்க ஆளில்லாத நேரம் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறது.

நேரத்தையும் இடத்தையும் ஒதுக்குங்கள்

எட்டு மணிக்கு ஒருவர் வந்து, எட்டு மணிக்கே மற்றவர் கிளம்ப வேண்டும் என்று ரோஸ்டர் போட்டுவிட்டு நல்ல ஹேண்ட்ஓவர் எதிர்பார்ப்பது நியாயமில்லை. எட்டேகால் பஸ்ஸை விட்டால் ஒன்பதேகாலுக்குத்தான் அடுத்த பஸ் என்றால், அவர் கண் வாசலில்தான் இருக்கும். இரண்டு ஷிஃப்டும் இருபது நிமிடமாவது ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும். அந்த இருபது நிமிடத்துக்குச் சம்பளமும் வேண்டும். நிர்வாகத்திடம் இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். காசில்லாத இருபது நிமிடம் நாலு நாளில் காணாமல் போய்விடும்.

அந்த நேரத்தில் வார்டு போனை ஒருவர் எடுக்க வேண்டும், அவர் ஹேண்ட்ஓவரில் இருக்கக்கூடாது. பெல் அடித்தால் போக ஒருவர். ஆள் இல்லையா? வார்டு வாசலில் ‘7.45 முதல் 8.15 வரை நர்ஸ்கள் நோயாளிகளை ஒப்படைக்கிறார்கள், அவசரம் என்றால் மட்டும் கூப்பிடுங்கள்’ என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். நாங்கள் ஒட்டிய பிறகு பாதித் தொல்லை குறைந்தது. மக்களுக்குக் காரணம் தெரிந்தால் பொறுத்துக்கொள்கிறார்கள்.

இடம், பெட் பக்கம். நர்ஸிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து புத்தகம் பார்த்து ஒப்புவிப்பது ஹேண்ட்ஓவர் ஆகாது, காரணம் கீழே ஒரு உதாரணத்தில் வருகிறது. ஆனால் எல்லாவற்றையும் பெட் பக்கத்தில் பேச முடியாது. எச்.ஐ.வி., விஷம் குடித்து வந்த கேஸ், கர்ப்பம் சம்பந்தமான விஷயங்கள், இதெல்லாம் ஸ்டேஷனில் மெதுவாக. நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. ‘அப்பாவுக்கு கேன்சர்னு சொல்லல சிஸ்டர், அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம்’ என்று மகன் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருப்பார். அது சரியா தப்பா என்பது டாக்டரும் குடும்பமும் பேச வேண்டிய விஷயம். ஆனால் நோயாளிக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதும் ஹேண்ட்ஓவரில் சொல்ல வேண்டிய தகவல்தான். இல்லாவிட்டால் ராத்திரி ஒரு மணிக்குப் புது சிஸ்டர் வாயிலிருந்து வந்துவிடும்.

ஒரே தாள், ஐந்து பகுதி

ஹேண்ட்ஓவருக்கு நன்றாகச் சோதித்துப் பார்த்த முறைகளில் முக்கியமானது ஐ-பாஸ் (I-PASS). அமெரிக்கா, கனடாவில் ஒன்பது ஆஸ்பத்திரிகளின் குழந்தைகள் பிரிவில் பயிற்சி டாக்டர்களை வைத்துச் செய்த ஆய்வு 2014-ல் வெளியானது. மொத்தம் 10,740 அட்மிஷன்கள். முறையைக் கொண்டுவந்த பிறகு மருத்துவத் தவறுகள் 23 சதவீதமும், தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்தன. ‘இதுக்கெல்லாம் நேரம் ஏது’ என்று கேட்பவர்களுக்குச் சொல்ல அதிலேயே பதில் இருக்கிறது. ஒரு நோயாளிக்கு ஆன நேரம் முன்பும் பின்பும் ஏறக்குறைய இரண்டரை நிமிடம்தான்.

அந்த முறையை நம் வார்டுக்கு ஏற்ற பேச்சில் சொல்கிறேன்.

முதல் பகுதி, எவ்வளவு மோசம். மூன்றே வார்த்தை: ஸ்டேபிள், வாட்சர், அன்ஸ்டேபிள். வாட்சர் என்பவர் இப்போதைக்கு நன்றாகத்தான் இருக்கிறார், ஆனால் உங்கள் வயிற்றில் லேசாக ஏதோ செய்கிறது. அனுபவமுள்ள நர்ஸுக்கு அந்த உணர்வு வரும். சார்ட்டில் அதற்குக் கட்டம் இல்லை, அதனால்தான் இந்த வார்த்தை தேவைப்படுகிறது. இதை முதலிலேயே சொல்ல வேண்டும், கடைசியில் இல்லை. கேட்பவரின் காது அப்போதுதான் நிமிரும்.

இரண்டாவது, சுருக்கம். என்ன நோய், எத்தனையாவது நாள், இன்று என்ன மாறியது, அலர்ஜி உண்டா. மூன்று வரிக்கு மேல் போனால் நீங்கள் கேஸ் ஷீட் வாசிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது, செய்ய வேண்டியவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மணியும் ஒரு ஆளும் இருக்க வேண்டும். ‘ரிப்போர்ட் வரணும்’ என்பது வேலை இல்லை. ‘ஒன்பது மணிக்குள் லேபில் கேட்டு டூட்டி டாக்டரிடம் சொல்ல வேண்டும்’ என்பது வேலை. செய்யக்கூடாதவையும் இங்கேதான். காலை இன்சுலின் வேண்டாம் என்றால் இங்கே எழுதிவிட்டு, டிரக் சார்ட்டிலும் டாக்டரை வைத்து அந்த டோஸை அடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஏழாம் பெட்டில் அறுந்த கண்ணி இதுதான்.

நான்காவது பகுதிதான் பெரும்பாலான வார்டுகளில் சுத்தமாகவே இல்லாதது: இப்படி ஆனால் என்ன செய்வது. ‘பி.பி. குறைஞ்சா பாத்துக்கோங்க’ என்று சொல்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. எவ்வளவு குறைந்தால்? யாரைக் கூப்பிடுவது? அவர் வரும்வரை நான் என்ன செய்யலாம்? ‘சிஸ்டாலிக் 90-க்குக் கீழே போனால் டூட்டி டாக்டர், அவர் எடுக்காவிட்டால் நேராக ஐ.சி.யூ. டாக்டர்’ என்று எண்ணோடும் ஆளோடும் இருக்க வேண்டும். எங்கள் வார்டில் ‘பாத்துக்கோங்க’ என்ற வார்த்தையையே தடை செய்தோம். சொன்னவர் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். முதல் மாதம் டீக்கடைக்காரருக்கு நல்ல வியாபாரம், அதில் என் காசும் கணிசம்.

ஐந்தாவது, வாங்கியவர் திருப்பிச் சொல்வது. இதைத் தனியாகப் பேச வேண்டும்.

தாள் ஒரு பக்கம் போதும். நோயாளியின் பெயரும் ஐ.பி. நம்பரும் (உள்நோயாளி எண்) கட்டாயம், பெட் நம்பர் மட்டும் இருக்கக்கூடாது. நம்மிடம் ‘ஏழாம் பெட்’, ‘ஜன்னல் ஓரத்துப் பாட்டி’ என்று கூப்பிடும் பழக்கம் (இந்தக் கட்டுரையில் நானே அப்படித்தான் ஆரம்பித்தேன்). மதியம் ஃபேன் ஓடவில்லை என்று ஒரு நோயாளியைப் பெட் மாற்றினால் போச்சு, இவருடைய மருந்து அவருக்கு.

வாங்குகிறவர் வாயைத் திறக்க வேண்டும்

தாளைவிட இது முக்கியம். ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் தாளை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்.

கொடுப்பவர் முடித்ததும் வாங்குபவர் தன் சொந்த வார்த்தையில் முக்கியமானதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கிளிப்பிள்ளை மாதிரி முழுதும் ஒப்புவிக்க வேண்டாம். வாட்சரா, என் வேலை என்னென்ன, எப்போது யாரைக் கூப்பிடுவேன், அவ்வளவு போதும். பிறகு ஒரு கேள்வி. கேள்வியே இல்லையென்றால் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இதில் நம் ஊரில் ஒரு சங்கடம் இருக்கிறது. இருபது வருட சர்வீஸ் உள்ள அக்காவிடம் போன மாதம் சேர்ந்த பெண் எதிர்க்கேள்வி கேட்டால், ‘என்னையே சோதிக்கிறியா?’ என்று ஆகிவிடும். ஆகவே திருப்பிச் சொல்லும்படி கேட்பதைச் சின்னவர் மேல் போடாதீர்கள். கொடுக்கிற பெரியவரே ‘நான் ஏதாவது விட்டுட்டேனான்னு பாக்கணும், ஒரு தடவை சொல்லும்மா’ என்று ஆரம்பிக்க வேண்டும். சோதனை அப்போது தன் மேலேயே விழுகிறது, சின்னவருக்குக் கூச்சம் போய்விடும். இன்சார்ஜும் மூத்த சிஸ்டர்களும் முதல் இரண்டு வாரம் இப்படிச் செய்தால் மற்றவர்கள் பின்னாடியே வருவார்கள்.

எண்களில் கவனம். வார்டில் எல்லோரும் எண்ணை ஆங்கிலத்தில்தான் சொல்கிறோம். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் சத்தமான வார்டில் ஒன்றுபோலவே கேட்கும். ‘ஒன், ஃபைவ்’ என்று இலக்கமாகப் பிரித்துத் திருப்பிச் சொல்லுங்கள். இன்சுலின், ஹெபாரின், பொட்டாசியம், பம்பில் ஓடும் எல்லா மருந்துக்கும் இது கட்டாயம்.

ஒரு பெட்டில் ஒரு ஹேண்ட்ஓவர்

மாலை அக்காவிடமிருந்து இரவு டூட்டிக்கு வந்த இளம் சிஸ்டர் வாங்குகிறார். நோயாளியின் பெயரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். இதில் வரும் சேச்சுரேஷன் என்பது ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனின் சதவீத அளவு.

‘செல்லம்மாள், ஐ.பி. நம்பர் கடைசி மூணு 418. வாட்சர். நிமோனியா, மூணாம் நாள். மதியம் ரெண்டு லிட்டர் ஆக்சிஜன்ல சேச்சுரேஷன் 94 இருந்துச்சு. அஞ்சு மணிக்கு மேல நாலு லிட்டருக்கு ஏத்த வேண்டியதாப் போச்சு, இப்ப 93. அதான் வாட்சர்னு போட்டிருக்கேன். பென்சிலின் அலர்ஜி. ஆறு மணிக்கு பொட்டாசியம் அனுப்பியிருக்கு, ஒன்பதுக்குள்ள லேப்ல கேக்கணும். பத்து மணிக்கு ஆன்டிபயாடிக். சேச்சுரேஷன் 90-க்குக் கீழ போனாலோ, மூச்சு நிமிஷத்துக்கு 30-ஐத் தாண்டினாலோ டூட்டி டாக்டரைக் கூப்பிடு. ஐ.சி.யூ.ல பெட் கேட்டு வச்சிருக்கு. நான் எதையும் விட்டேனா பாரு, ஒரு தடவை சொல்லு.’

‘சரிக்கா. வாட்சர், மதியத்தைவிட மோசம். ஒன்பது மணிக்கு பொட்டாசியம் கேக்கறது நான். பத்து மணிக்கு ஆன்டிபயாடிக். 90-க்குக் கீழ, இல்லன்னா மூச்சு 30-க்கு மேல, டாக்டர். பென்சிலின் கூடாது. ஆன்டிபயாடிக் என்னக்கா போகுது?’

‘லீவோஃப்ளாக்சசின்.’

பேசிக்கொண்டே அந்தப் பெண் கைப்பட்டையைப் பார்த்தார், வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்றும் ஊசிக்குழாய்) போட்ட கை வீங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார், யூரின் பேக்கைத் தூக்கிப் பார்த்தார், கடைசியாகச் சுவரில் இருந்த ஆக்சிஜன் மீட்டரை. எத்தனை லிட்டர் போகிறது என்று காட்டும் உருண்டை ஆறில் நின்றது.

‘அக்கா, நாலு லிட்டர்னு சொன்னீங்க.’

பக்கத்தில் ஸ்டூலில் இருந்த மகன் எழுந்தார். ‘அம்மாவுக்கு மூச்சு வாங்குச்சு சிஸ்டர், நீங்க அந்தப் பக்கம் பிசியா இருந்தீங்க. நான்தான் கொஞ்சம் கூட்டி வச்சேன்.’

ஆறு லிட்டரில் 93 என்றால் கதையே வேறு. எட்டு மணிக்கே டூட்டி டாக்டரைக் கூப்பிட்டார்கள். ஸ்டேஷனில் உட்கார்ந்து புத்தகம் படித்திருந்தால் அந்த உருண்டையை யார் பார்த்திருப்பார்கள்? மகனையும் திட்ட வேண்டாம். அவரிடமிருந்தும் தகவல் வாங்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள பாடம். இப்போது எங்கள் தாளின் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: ‘நோயாளியிடமும் அட்டெண்டரிடமும் கேட்டாச்சா?’

முப்பது பேருக்கு ஒரு நர்ஸ் என்றால்?

அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். முப்பது பேருக்கு இரண்டரை நிமிடம் வீதம் எழுபத்தைந்து நிமிடம். நடக்காது. நடக்க வேண்டியதும் இல்லை. ஐந்து பேர் வாட்சர், அன்ஸ்டேபிள் என்றால் அவர்களுக்கு இரண்டரை நிமிடம் வீதம் பன்னிரண்டரை நிமிடம். மீதி இருபத்தைந்து பேருக்கு ஆளுக்கு இருபது வினாடி: பெயர், ஸ்டேபிள், ஒரே ஒரு பாக்கி வேலை. அது எட்டு நிமிடம் சொச்சம். மொத்தம் இருபத்தொரு நிமிடத்தில் முடிகிறது. பெட் வரிசைப்படி போகாமல் மோசமானவர்களிடம் முதலில் போங்கள். முதல் பெட்டில் நாளைக்கு டிஸ்சார்ஜ் ஆகிறவரைப் பற்றி விலாவாரியாகப் பேசிவிட்டு, இருபத்தாறாம் பெட்டுக்கு வரும்போது பஸ் நேரம் ஆகிவிடுகிறது.

டாக்டர்களுக்கு

பகலில் யூனிட் முழுதும் இருக்கும். இரவில் ஒரு டூட்டி டாக்டர், அவருக்கு அந்த நோயாளிகளை முன்பின் தெரியாது. அவரிடம் எல்லோரையும் பற்றிச் சொல்ல வேண்டாம். வாட்சர் யார், வராத ரிப்போர்ட் எது, அது இப்படி வந்தால் என்ன செய்வது, ஆபத்தான நிலையில் எதுவரை போவது என்று குடும்பத்திடம் பேசியாச்சா. இந்த நாலும் போதும். சனிக்கிழமை மதியம் முதல் திங்கள் காலை வரை மூன்று கை மாறும். வெள்ளிக்கிழமை அனுப்பிய கல்ச்சர் (கிருமி சோதனை) ரிப்போர்ட் திங்கட்கிழமை வரை யாருக்கும் சொந்தமில்லாமல் லேபில் கிடப்பது இப்படித்தான்.

வாட்ஸ்அப் குரூப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டுவிட்டால் ஹேண்ட்ஓவர் முடிந்தது என்று நினைக்கிறார்கள். நீல டிக் வந்தால் ஒருவர் பார்த்தார் என்று அர்த்தம், பொறுப்பெடுத்தார் என்று இல்லை. பதினெட்டுப் பேர் உள்ள குரூப்பில் எல்லோரும் வேறு யாரோ பார்ப்பார்கள் என்றிருப்பார்கள். அந்தரங்க விஷயம் போனுக்குப் போன் பரவுவது தனித் தலைவலி. போனில் கூப்பிட்டுப் பேசுங்கள்.

இரவில் நர்ஸ் டாக்டரைக் கூப்பிடும்போது எஸ்பார் (SBAR) முறை உதவும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, பிறகு ஆஸ்பத்திரிகளுக்கு வந்த முறை இது. இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன கேட்கிறேன். கடைசி இரண்டும்தான் நம்மிடம் வருவதில்லை. ‘சார், பேஷன்ட்டுக்கு ஒரு மாதிரியா இருக்கு’ என்று நிறுத்திவிடுகிறோம். ‘செப்சிஸா இருக்கும்னு தோணுது சார், நீங்க வந்து பாக்கணும்’ என்று சொல்ல நர்ஸுக்கு உரிமை உண்டு. அதைச் சொல்லிப் பழக்க வேண்டும்.

தியேட்டரிலிருந்து ஐ.சி.யூ.வுக்கு

இங்கே பிரச்சினையே வேறு. நோயாளி வந்து சேரும் அந்த ஐந்து நிமிடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒரே நேரத்தில் வயர் மாட்டுவார்கள். லண்டனில் உள்ள கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இதய அறுவை சிகிச்சை முடிந்த குழந்தைகளை ஐ.சி.யூ.வுக்கு மாற்றுவதில் இதே குழப்பம். அங்கிருந்த டாக்டர்கள் டி.வி.யில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் டயர் மாற்றும் குழுவைப் பார்த்து, ஃபெராரி அணியிடமே போய்க் கேட்டார்கள். யார் எங்கே நிற்பது, யார் எதை மாட்டுவது, யார் தலைமை என்று முன்கூட்டியே பிரித்தார்கள். 2007-ல் வெளியான அவர்கள் ஆய்வில், ஒரு ஒப்படைப்புக்குச் சராசரியாக 5.42 ஆக இருந்த தொழில்நுட்பப் பிழைகள் 3.15 ஆகவும், விடுபட்ட தகவல்கள் 2.09-லிருந்து 1.07 ஆகவும் குறைந்தன.

நமக்கு ஃபெராரி தேவையில்லை. முதலில் கருவி, அப்புறம் பேச்சு, இந்த ஒரு விதி போதும். வென்டிலேட்டர், மானிட்டர், பம்ப் எல்லாம் மாட்டி முடியும்வரை அவசரம் தவிர வேறு பேச்சு வேண்டாம். முடிந்ததும் எல்லோரும் கையை எடுத்துவிட்டு நிற்க வேண்டும். மயக்க டாக்டர் ஒரு நிமிடம், சர்ஜன் ஒரு நிமிடம், ஐ.சி.யூ. டாக்டர் திருப்பிச் சொல்வது ஒரு நிமிடம். சர்ஜன் அடுத்த கேஸுக்குப் போய்விட்டார் என்றால் அசிஸ்டென்ட் வந்தாக வேண்டும்.

வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது

ரெஃபரல் சீட்டில் ‘மேல் சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறது’ என்ற ஒற்றை வரியோடு 108-ல் ஏற்றிவிடுவது நடக்கிறது. அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தேவை இரண்டுதான்: என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு. பாம்புக்கடி என்றால் எத்தனை வயல் விஷமுறிவு மருந்து போனது, இருபது நிமிட ரத்தம் உறைதல் சோதனையின் முடிவு என்ன. பூச்சிமருந்து குடித்தவர் என்றால் எவ்வளவு அட்ரோபின். கர்ப்பிணிக்கு வலிப்பு என்றால் மெக்னீசியம் சல்பேட் முதல் டோஸ் போட்டாச்சா, எந்த நேரத்தில். தெரியாமல் அந்தப் பக்கம் இன்னொரு முழு டோஸ் போட்டால் மூச்சே நின்றுவிடலாம். பக்கவாதம் என்றால் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பது தங்கத்துக்குச் சமம். வண்டி கிளம்பும் முன் அந்த ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனில் பேசி, பேசியவர் பெயரையும் நேரத்தையும் சீட்டில் எழுதுங்கள்.

பழக்கமாகும்வரை

முதல் பத்து நாள் உற்சாகமாக நடக்கும். மூன்றாவது வாரத்தில் தாள்கள் நேற்றைய தாளைப் பார்த்து எழுதப்படும். எங்களுக்கு இரண்டாவது தோல்வி அங்கேதான். போன வாரமே எடுத்துவிட்ட டிரெயின் குழாய்க்கு (உள்ளே தேங்கும் நீரை வடிப்பது) இன்னும் ‘100 எம்.எல்.’ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் ஷிஃப்ட் முடிந்ததும் தாளைக் கேஸ் ஷீட்டில் வைத்துவிட்டு, அடுத்தவர் வெறும் தாளில் தொடங்க வேண்டும் என்று மாற்றினோம்.

வாரம் ஐந்து ஹேண்ட்ஓவரை மட்டும் நின்று கவனியுங்கள். தாள் நிரம்பியதா என்று எண்ணாதீர்கள், அது எப்போதும் நிரம்பியிருக்கும். திருப்பிச் சொன்னாரா, ‘இப்படி ஆனால்’ என்பதில் எண் இருந்ததா, பெட் பக்கம் நடந்ததா. மூன்றையும் ஐந்துக்கு எத்தனை என்று ஸ்டேஷன் போர்டில் எழுதுங்கள். இன்னொரு பக்கம், ஹேண்ட்ஓவரில் பிடிபட்ட தவறுகளுக்கு ஒரு நோட்டு, பெயரில்லாமல். ஆக்சிஜன் உருண்டைதான் அந்த நோட்டில் முதல் பதிவு. தவறைப் பிடித்தவரைப் பாராட்டுங்கள், விட்டவரைத் தேடாதீர்கள். ஒரே ஒரு தடவை மெமோ கொடுத்தால் அந்த நோட்டு அன்றோடு செத்தது.

கடைசிக் கை: வீடு

டிஸ்சார்ஜும் ஒரு ஹேண்ட்ஓவர்தான், வாங்குபவர் அட்டெண்டர். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று: அட்டெண்டருக்கும் ஷிஃப்ட் உண்டு. பகலில் மனைவி இருப்பார், ராத்திரி மகன். ரவுண்ட்ஸில் டாக்டர் சொன்னது மகனுக்குத் தெரியாது, ராத்திரி நடந்தது மனைவிக்குத் தெரியாது. பில் கட்டிவிட்டு வருகிறவர் மூன்றாவதாக ஒரு மாப்பிள்ளை. மருந்துப் பை அவர் கையில் போகும்.

வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்கப்போவது யார் என்று முதலில் கேளுங்கள். அவரை உட்கார வைத்து, அட்டைகளை மேசையில் பரப்பி, காலை, மதியம், இரவு என்று அவர் கையாலேயே பிரிக்கச் சொல்லுங்கள். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘ராத்திரி எது தருவீங்க, எடுத்துக் காட்டுங்க’ என்று கேளுங்கள். பழைய மாத்திரையில் எதை நிறுத்த வேண்டும் என்பதையும் அந்தப் பழைய அட்டையையே காட்டிச் சொல்ல வேண்டும். வீட்டு அலமாரியில் அது இன்னும் இருக்கும்.

ஏழாம் பெட்காரர் பத்தாம் நாள் வீட்டுக்குப் போனார். இன்சுலினை அவருடைய மருமகள்தான் போடப்போகிறார் என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. அதுவரை நாங்கள் ஊசி போடச் சொல்லிக்கொடுத்தது மனைவிக்கு. அவருக்குக் கண்புரை, ஊசியில் உள்ள கோடு தெரியாது. மருமகளுக்குப் போன் போட்டு வரச் சொல்லி, சாயங்காலம் வரை நோயாளியை அனுப்பாமல் வைத்திருந்தோம்.